1969 கமாரோ: தகடு எல்லாம் ஃபேக்டரி தகடுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்த்திக் (கொலம்பஸ், ஒஹாயோ)

எல்லோருக்கும் வணக்கம். இண்டியானாவில் ஒரு 1969 ஷெவ்ரலே கமாரோ கார் விலைக்கு வந்திருக்கிறது. கூபே, வி8, நார்வுட் ஆலையில் கட்டியது, ஆரஞ்சு நிறம். விற்பவர் வயதானவர், பொறுமையாகப் பேசுகிறார். "ஒரு தகடுகூட மாற்றியதில்லை, பெயின்ட் மட்டும் ஒருமுறை அடித்தோம்" என்கிறார். குவார்ட்டர் பேனல் (பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள பக்கத் தகடு) மாற்றிய இதே மாதிரி வண்டிகள் போகும் விலையைவிடப் பன்னிரண்டாயிரம் டாலர் அதிகம் கேட்பதற்கு அவர் சொல்லும் ஒரே காரணம் அதுதான்.

படங்களில் வெளிப்பக்கம் குறை எதுவும் தெரியவில்லை. டிக்கிக்குள் மட்டும் பெயின்ட் ரொம்பப் புதிதாக இருக்கிறது. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தகடு) உள்ள டேகில் 04பி என்றும், பெயின்ட் இடத்தில் 72 72 என்றும் இருக்கிறது.

சனிக்கிழமை நேரில் போகிறேன். லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார். பெரிதாக எதையும் கழற்ற விடமாட்டார். காந்தமும் பெயின்ட் மீட்டரும் எடுத்துப் போனால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ரவி (டெக்சஸ்)

மீட்டர் கட்டாயம் கொண்டு போங்கள். அந்தக் காலத்தில் ஷெவ்ரலேயின் தாய்க் கம்பெனி ஜிஎம் அடித்தது அக்ரிலிக் லாக்கர் பெயின்ட், மெல்லியதாகத்தான் இருக்கும், 100 மைக்ரானை ஒட்டி. மறுபடி பெயின்ட் அடித்த வண்டியில் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காட்டும். 500, 600 என்று போனால் அடியில் பட்டி இருக்கிறது என்று அர்த்தம். சக்கர வளைவுக்கு மேலே, குவார்ட்டரின் கீழ் மூலை, கதவின் அடி ஓரம், இந்த இடங்களில் நிறைய புள்ளிகள் எடுங்கள். ஒரே பேனலில் எண் திடீரென்று ஏறினால் அங்கே வேலை நடந்திருக்கிறது.

சுந்தரம் (டேட்டன், ஒஹாயோ)

கார்த்திக், ரவி சொன்னபடி மீட்டரைக் கொண்டு போங்கள். ஆனால் அது பட்டியைக் காட்டிக் கொடுக்குமே தவிர, தகட்டின் வயதைச் சொல்லாது. போன வருஷம் வாங்கிய புது குவார்ட்டரை ஒழுங்காக வெல்ட் செய்து மெல்லியதாகப் பெயின்ட் அடித்திருந்தால் மீட்டர் அழகான எண்ணைத்தான் காட்டும். காந்தமும் ஒட்டும். அதே நேரம் ஒரு சின்ன டென்டுக்குப் பட்டி பார்த்த அசல் தகடு மோசமான எண்ணைக் காட்டும். அதை மட்டும் நம்பினால் நல்ல வண்டியை விட்டுவிட்டு வேறு வண்டிக்குக் காசு கொடுத்துவிடுவீர்கள்.

நான் இங்கே ஒரு ரெஸ்டோரேஷன் பட்டறையில் தகட்டு வேலை பார்க்கிறேன். துருப்பிடித்த குவார்ட்டரை அறுத்து எடுத்துப் புதியதை வைப்பதுதான் என் பிழைப்பு. செய்த வேலையின் தடயம் எங்கே தங்கும் என்பது அதைச் செய்கிறவனுக்குத் தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் இந்த வண்டியை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபயர்வாலும் அதற்குப் பின்னால் உள்ள கூரை, கதவு, குவார்ட்டர், டிக்கி எல்லாமும் ஜிஎம்மின் பாடி கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி கட்டியது. முன்பக்க ஃபெண்டர், பானெட், ரேடியேட்டர் சப்போர்ட் இவற்றை ஷெவ்ரலே பக்கத்தில் தனியாகப் பெயின்ட் அடித்து போல்ட் போட்டு மாட்டினார்கள். பின்பாதி, கதவும் டிக்கி மூடியும் தவிர, வெல்டு. முன்பாதி போல்ட். வெல்டு செய்ததை மாற்றினால் தழும்பு இருக்கும். போல்ட் போட்டதை ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம். இரண்டுக்கும் ஒரே மாதிரி சாட்சி கிடைக்காது.

உங்கள் டேகில் உள்ள 04பி என்பது ஏப்ரல் இரண்டாவது வாரம், ஃபிஷர் பாடி போட்ட தேதி. 72 ஹக்கர் ஆரஞ்சு. அது இரண்டு முறை இருப்பதால் கூரையும் அதே நிறம், மேலே வினைல் உறை ஒட்டிய கூரை கிடையாது. நல்ல சேதி. வினைலுக்கு அடியில் தண்ணீர் தங்கிப் பின்கண்ணாடி ஓரம் அரித்துப் போன வண்டிகள் எங்கள் பட்டறைக்கு நிறைய வரும். ஆனால் டேக் சொல்வது வண்டி எப்படிப் பிறந்தது என்பதை மட்டும்தான், இன்றைக்கு மேலே இருக்கும் தகட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டு ரிவெட்டைக் கழற்றினால் டேக் கையோடு வந்துவிடும், போலி டேக்கும் அடித்துத் தருகிறார்கள். டேகில் எக்ஸ்33, எக்ஸ்77 என்று இருந்தால் இசட்/28 என்ற உயர்ந்த ரகம், விலை எங்கோ போய்விடும். அந்த ஆசைதான் போலிக்குக் காரணம்.

அதனால் தகட்டுக்கு முன்னால் வண்டியின் அடையாளத்தைச் சரிபாருங்கள். டேஷ் மேல் கண்ணாடி வழியாகத் தெரியும் வின் (வண்டியின் அடையாள எண்) தகட்டில் 124379க்குப் பிறகு நார்வுட்டைக் குறிக்கும் N எழுத்து, அப்புறம் ஆறு இலக்கம் இருக்கும். அதே ஆறு இலக்கம், 19N என்ற முன்னெழுத்தோடு, பாடியில் இரண்டு இடத்தில் நேரடியாகத் தகட்டிலேயே குத்தப்பட்டிருக்கும். ஒன்று ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில். அதைப் பார்க்கப் பெட்டியைக் கழற்ற வேண்டும், சனிக்கிழமை அது நடக்காது. இன்னொன்று வைப்பர் பக்கம் உள்ள காற்று கிரில்லுக்கு அடியில், கவுல் (முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள பகுதி) மேல்தகட்டில். அந்த கிரில்லைச் சில ஸ்குரூ கழற்றித் தூக்கிவிடலாம். பணிவாகக் கேளுங்கள், மனசில் ஒளிவில்லாதவர் மறுக்க மாட்டார். டேஷ் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையில் பூவிதழ் வடிவம் இருக்க வேண்டும். சாதாரண உருண்டை ரிவெட் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வின் தகட்டைத் தெரிந்தே கழற்றுவதும் திருத்துவதும் ஃபெடரல் குற்றம். பழுது பார்க்க அவசியமாகக் கழற்றுபவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் வாங்குகிற நீங்கள் எதற்கு அந்த வழக்கில் மாட்ட வேண்டும்?

முழு பாடியே புதிதாகக் கிடைக்கிற காலம் இது. டைனாகார்ன் என்ற கம்பெனி 69 கமாரோவுக்கு முழுக்கூடே விற்கிறது. அதில் தப்பில்லை, அந்தப் பெயரிலேயே விற்றால். புதுக்கூட்டில் இந்த ஒளிந்த எண் இருக்காது. அதனால்தான் கவுல் எண்ணை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, இனி குவார்ட்டர். நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது டிக்கியில்தான்.

டிக்கியைத் திறந்து ஓரத்து ரப்பரைக் கொஞ்சம் உரியுங்கள். அடியில் இரண்டு தகடு சேரும் விளிம்பு தெரியும். ஃபேக்டரியில் அதை ஸ்பாட் வெல்டிங்கில் பிடித்தார்கள்: இரண்டு செப்பு முனை தகட்டை இருபுறமும் நெருக்க, கரண்ட் பாயும், தகடுகள் உருகி ஒட்டும். அந்த நெருக்கல் கால் அங்குல அகலத்துக்கு ஒரு மேலோட்டமான பள்ளத்தை விட்டுப் போகும். விரல் நுனியால் தடவினால் உணரலாம். லைனில் நின்றவர் தொங்கும் வெல்டிங் கன்னைக் கையால் பிடித்துச் செய்தது அது. அதனால் இடைவெளி ஒரே சீராக இருக்காது. ஒன்று அரை அங்குலம் தள்ளி, அடுத்தது ஒன்றரை அங்குலம் தள்ளி, சில இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது. அந்த வரிசையில் ஒரு மனுஷனின் கை தெரியும்.

நாங்கள் பட்டறையில் செய்வது வேறு. மேல்தகட்டில் துளை போட்டு, அதை மிக் வெல்டிங்கால் நிரப்பி, கிரைண்டரால் தேய்த்துவிடுவோம். அங்கே பள்ளம் இருக்காது. தட்டையான வட்டமோ, லேசான மேடோ, கிரைண்டர் கீறலோ இருக்கும். பட்டறையிலும் சிலர் ஸ்பாட் வெல்டரே வைத்திருக்கிறார்கள். அவர்கள் அளந்து வைத்து அழகாகச் செய்வார்கள், அந்த ஒழுங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இதே விளிம்பைக் கதவுத் திறப்பின் பின் ஓரத்திலும், லிஃப்டில் ஏற்றிச் சக்கர வளைவின் உள்மடிப்பிலும் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். இடதும் வலதும் ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்தது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் வழவழப்பு என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது உட்பக்கம். முழு குவார்ட்டர் மாற்றுவது பெரிய வேலை, கூரையோடு சேரும் ஈய மூட்டு வரை போக வேண்டும். அதனால் பலர் மேல்பகுதியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே தோலை, அதாவது வெளித்தகட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவார்கள். வெளியே பட்டி பூசி மறைத்துவிடலாம். உள்ளே மறைப்பது கஷ்டம். டிக்கிக்குள் தலையை விட்டு, டார்ச்சைத் தகட்டின் மேல் படுக்கைவாட்டில் அடித்து, குவார்ட்டரின் பின்முகத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரு தகடு இன்னொன்றின் மேல் ஏறி நீளமாக ஒரு படி ஓடினாலோ, வெல்டிங் சூட்டில் நீலம் பாரித்த கோடு இருந்தாலோ, அது தோல் மாற்றிய வண்டி. கை நுழையாத இடத்துக்குச் சின்ன குழாய் கேமரா ஒன்று வாங்கிப் போங்கள்.

டிக்கிப் பெயின்ட் புதிது என்றீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். ஃபேக்டரியில் அங்கே அடித்தது புள்ளிப் புள்ளியாகத் தெறிக்கும் பெயின்ட். மாற்று வேலையை மறைக்க அதைவிட வசதியான திரை கிடையாது. புதிதாக அடித்திருப்பது தானாகவே குற்றம் ஆகாது. ஆனால் ஏன் அடித்தீர்கள், முன்பு எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டிக்கித் தரைக்கும் குவார்ட்டருக்கும் நடுவில் இருபுறமும் குறுகலாக ஒரு இணைப்புத் தகடு இறங்கும். தண்ணீர் தேங்கி முதலில் அரிப்பது அது. அங்கே சீலர் (தகட்டு மூட்டை அடைக்கும் பசை) எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். ஃபேக்டரி சீலர் அவசரமாகக் கையால் அப்பியது, திட்டுத் திட்டாக இருக்கும். குழாயிலிருந்து பிதுக்கிய ஒரே சீரான கோடு இன்றைய வேலை.

வெளியே ஒரே ஒரு இடம். 69இல் சக்கர வளைவுக்கு மேலிருந்து பின்னோக்கி ஓடும் கூர்மையான மடிப்பு, அப்புறம் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள போலிக் காற்றுத் துளைகள். அசலில் அந்தக் கோடு விறைப்பாக நிற்கும். மறுதயாரிப்புத் தகடுகளில், அதுவும் பழைய அச்சுகளில் வந்தவற்றில், பெரும்பாலும் மழுங்கியிருக்கும். இதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், பட்டி தேய்த்தும் மழுங்கும்.

முன்பாதிக்கு வருகிறேன். ஃபெண்டரிலோ பானெட்டிலோ 1969இல் வின் எண் குத்தவில்லை. பாடி பாகங்களில் எண் போடும் ஃபெடரல் விதி 1984 சட்டத்தின் பேரில் 1987 மாடலிலிருந்துதான், அதுவும் அதிகம் திருடுபோகும் வண்டிகளுக்கு. ஆகவே "இந்த ஃபெண்டர் இந்த வண்டியோடு பிறந்தது" என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஜிஎம் அச்சில் வந்த பழைய தகடு என்றுதான் காட்ட முடியும். அதிலும் லைனில் மாட்டியது ஒன்று, டீலர் கவுண்டரில் உதிரியாக விற்ற ஜிஎம் தகடு ஒன்று, இன்னொரு கமாரோவிலிருந்து கழற்றி வந்தது ஒன்று. மூன்றும் ஜிஎம் தகடுதான், விலை ஒன்றல்ல.

அவற்றைப் பிரித்தறிய பெயின்ட்டின் பழைய அடுக்கைத் தேடுங்கள். பானெட் கீல் மறைக்கும் இடம், ஃபெண்டர் மேல்விளிம்பின் பின்முகம், போல்ட் வாஷருக்கு அடியில் உள்ள வட்டம், இங்கெல்லாம் மறுபெயின்ட் அடிப்பவன் தேய்ப்பதில்லை. ஆரஞ்சு வண்டியில் அங்கே வேறு நிறம் எட்டிப் பார்த்தால் அது விருந்தாளித் தகடு. முன்பக்கத்தைத் தனியாகப் பெயின்ட் அடித்து அப்புறம் மாட்டியதால் ஃபேக்டரி போல்ட் தலை கறுப்பாக இருக்கும், பாடி நிறத்தில் இருக்காது.

முடிந்தால் யாரும் கைவைக்காத ஒரு வண்டியை ஒருமுறை கண்ணால் பாருங்கள். நவம்பரில் சிகாகோ பக்கம் ரோஸ்மான்டில் நடக்கும் மசில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸுக்கு அந்த மாதிரி வண்டிகள் வரும். இந்தச் சனிக்கிழமைக்கு உதவாது. ஆனாலும் அசல் சீலரையும் வெல்டையும் பார்த்த கண்ணுக்கு மற்றது சட்டென்று பிடிபடும்.

மோப்பார் மணி (நியூ ஜெர்சி)

சுந்தரம் அண்ணன் சொன்னது கமாரோவுக்கு. வேறு கம்பெனி வண்டி தேடுபவர்களுக்காக ஒரு வார்த்தை. கிரைஸ்லர் குடும்பத்தில் வின் நம்பரிலேயே இன்ஜின் எழுத்து உண்டு. 1970இல் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் 426 ஹெமி இன்ஜின். 68 முதல் ரேடியேட்டர் சப்போர்ட்டிலும், மாடலைப் பொறுத்து டிக்கி விளிம்பிலோ கவுலிலோ வின்னின் ஒரு பகுதி குத்தியிருக்கும். அந்த சப்போர்ட் வெல்டு செய்தது, எளிதில் மாற்ற முடியாது. மஸ்டாங்கில் எண் உள் ஃபெண்டர் ஏப்ரனிலேயே இருக்கும். ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தருவதாக ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி ரிப்போர்ட், பான்டியாக்குக்கு பிஎச்எஸ் காகிதம் கிடைக்கும். அமெரிக்காவில் கட்டிய அந்தக் கால ஷெவ்ரலேவுக்கு அப்படி ஆலைப் பதிவு கிடைக்காது. அதனால் கமாரோக்காரர்களுக்குத் தகடுதான் காகிதம்.

ரவி (டெக்சஸ்)

சுந்தரம் அண்ணா, மீட்டர் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. ஓட்டத்தான் வாங்குகிறோம். அரித்துப்போய் ஐந்து இடத்தில் ஒட்டுப்போட்ட அசல் குவார்ட்டரைவிட, நன்றாகப் பொருத்திய புதுத் தகடு மேல் இல்லையா? எதற்காக இவ்வளவு பாடு?

சுந்தரம் (டேட்டன், ஒஹாயோ)

ஓட்டுவதற்கு மேல்தான் ரவி, அதில் சந்தேகமே இல்லை. நானே அந்த வேலையைப் பெருமையோடு செய்கிறேன். ஆனால் கார்த்திக் புதுத் தகட்டுக்கு விலை கொடுக்கவில்லை, மாற்றாத தகட்டுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுக்கப் போகிறார். கொடுக்கிற காசுக்கு உரியது வண்டியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. நார்வுட் ஆலையை 1987இல் மூடிவிட்டார்கள். 69 மாடலில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள் என்றாலும், அந்தக் குவார்ட்டர் அப்படியே நிற்பவை வருஷா வருஷம் குறைகின்றன. குறைப்பதில் எங்கள் பட்டறைக்கும் பங்கு உண்டு. கீழ் மூலையில் ஓர் அடி அரித்திருந்தால் அந்த ஓர் அடியை மட்டும் வெட்டி ஒட்டலாம். நேரம் அதிகம், கூலி அதிகம். முழுசாக மாற்றுவது பட்டறைக்கு லாபம் என்பதால் பல இடங்களில் அதைத்தான் சொல்வார்கள். நான் முடிந்தவரை ஒட்டத்தான் சொல்லுவேன்.

கார்த்திக் (கொலம்பஸ், ஒஹாயோ)

போய் வந்தேன். எல்லோருக்கும் நன்றி. பெரியவர் கவுல் கிரில்லைத் தானே கழற்றிக் காட்டினார். 19N, ஆறு இலக்கமும் டேஷோடு பொருந்துகிறது, ரிவெட்டும் இதழ் வடிவம்தான்.

வலது குவார்ட்டர் சுந்தரம் அண்ணன் சொன்ன மாதிரியே. ரப்பருக்கு அடியில் பள்ளங்கள், கோணல் மாணலான இடைவெளி. சக்கர வளைவிலும் அப்படியே. இடது பக்கம் ரப்பரை உரித்தால் ஒரு பள்ளம்கூட இல்லை, வழவழவென்று இருந்தது. கேமராவை உள்ளே விட்டபோது மேல் மடிப்புக்குக் கொஞ்சம் கீழே நீளமாக ஒரு படி. மீட்டர் அந்தப் பக்கம் 180தான் காட்டியது! வலது முன் ஃபெண்டரின் பின்முகத்தில், கதவுக் கீல் பக்கம், கரும்பச்சை தெரிந்தது.

அவரிடம் காட்டினேன். உண்மையிலேயே அதிர்ந்துவிட்டார். அவர் 1994இல் வாங்கியபோதே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்கிறார், அவர் கையில் வந்த பிறகு வெல்டிங் நடக்கவில்லையாம். டிக்கிப் பெயின்ட் விற்பனைக்காக அடித்தது. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இப்போது என்ன செய்வது? விட்டுவிடலாமா?

சுந்தரம் (டேட்டன், ஒஹாயோ)

விடாதீர்கள். எண் பொருந்திய வண்டி, ஒரு பக்கம் அசல் குவார்ட்டர் நிற்கிறது, கூரையில் வினைல் இல்லை, விற்பவர் கிரில்லைத் தானே கழற்றிக் காட்டுகிறார். இப்படி அமைவது அரிது. கரும்பச்சை அந்த வருஷத்து ஃபேதம் கிரீன் என்ற ஷெவ்ரலே நிறமாக இருக்கலாம். அப்படியானால் ஃபெண்டர் இன்னொரு 69இலிருந்து வந்த ஜிஎம் தகடு, அதில் உங்களுக்கு நஷ்டமில்லை.

அந்தப் பன்னிரண்டாயிரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். குவார்ட்டர் மாற்றிய வண்டிகளின் விலையில் பேச்சைத் தொடங்கி, வலது பக்கத்துக்காகக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள், அது நியாயம். விற்பனைக் காகிதத்தில் "இடது குவார்ட்டர் தோல் மாற்றப்பட்டது, வலது முன் ஃபெண்டர் வேறு வண்டியுடையது" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கேமராவில் எடுத்த படங்களை அந்தக் காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு வாங்குபவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு ஹீட்டர் பெட்டியைக் கழற்ற நேர்ந்தால் ஃபயர்வால் எண்ணையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வலது குவார்ட்டரின் கீழ் மூலையை உள்ளிருந்து நன்றாகக் கழுவி, காயவைத்து, மெழுகுக் கலவை அடியுங்கள். தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் முதலில் அவற்றைத் திறந்துவிடுங்கள்.